விரிசல் விட்ட காற்றுத் துப்பாக்கியின் விலை

"விரிசல் இருந்தாதான்ணே விலை கூடும்." பீடோங் ஊருக்குப் போகும் பேருந்தில் முன் இருக்கைக்காரர் இப்படிச் சொன்னதும் காது கொடுத்தேன். தன் அப்பாவுக்குத் தோட்டத்துத் துரை கொடுத்த பழைய காற்றுத் துப்பாக்கியின் படத்தை, பக்கத்திலிருந்த பழம்பொருள் வியாபாரிக்குக் கைப்பேசியில் காட்டிக்கொண்டிருந்தார்.

"கட்டை பிளந்திருக்கே, தம்பி?"

"துரை கோவத்துல தரையில அடிச்சது. வெள்ளைக்காரன் கோவம்ணே, இப்பக் கிடைக்குமா?"

"குழாய் வளைஞ்சிருக்கே?"

"அப்பா அதால கதவ நெம்புனாரு. அதுவும் சரித்திரம்தான்லா. மூவாயிரம் வெள்ளி கொடுங்க."

"சுடுமா?"

"சுடாது. அதனாலதான் பத்திரமா இருக்கு."

பின்னாலிருந்த பெண்மணி எட்டிப் பார்த்தார். "அதுக்கும் போலீஸ் லைசென்ஸ் வேணுமே தம்பி, இருக்கா?"

முன் இருக்கைக்காரர் சட்டென்று கைப்பேசியை அணைத்தார்.

"துப்பாக்கியா? வெறும் ஓட்டக் குழாய்தான்க்கா. பழைய இரும்புக்காரன்கூட எடுக்கமாட்டான்."