விருந்தும் வியாபாரமும், மாலை ஆறரை

எனக்குப் பொதுவாகவே மறதி ஜாஸ்தி, ஐயா. குடையை எடுத்துக்கொண்டு போனால் போன இடத்திலேயே விட்டுவிட்டு வருகிறவன். அதனால் இந்தப் பஞ்சாயத்து விசாரணையில் நான் சொல்வதில் முன்பின் இருந்தால் பொறுத்துக்கொண்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் ராஜாராம். செஞ்சியில் பஞ்சாயத்து ரேடியோவை ஒன்பது வருஷமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மாடி அறையில் ரேடியோப் பெட்டி, பக்கத்தில் மைக், வெளியே கம்பத்தில் ஸ்பீக்கர். சாயந்திரம் திருப்பிவிட்டால் கடைத்தெரு முழுக்கக் கேட்கும். நாளைக்குத் தண்ணீர் வராது, அம்மை குத்த வருகிறார்கள் என்பது மாதிரி அறிவிப்புகளையும் அதே ஸ்பீக்கரில் நானே சொல்வேன். அதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ரேடியோ சொன்னால் மட்டும் கேட்பார்கள்.

வியாழக்கிழமை மாலை ஆறரைக்கு ‘விருந்தும் வியாபாரமும்’ வரும். முதலில் ஒரு அம்மாள் சமையல் குறிப்பு கொடுப்பார். அப்புறம் ஒருவர் வந்து ஓட்டல் நடத்துவது எப்படி, வந்தவர்களை உபசரிப்பது எப்படி என்று பேசுவார். கீழே கூட்டம் நிற்கும். எல்லோருக்கும் முன்னால் ஜெயராமன் நிற்பார். பஸ் ஸ்டாண்டு எதிரில் டிபன் ஓட்டல் வைத்திருந்தவர். ரேடியோவில் சொல்வதை ஒரு எழுத்து விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டு போய், மறுநாளே ஓட்டலில் செய்துவிடுவார். மெட்ராஸிலிருந்து சொல்கிறவர்களுக்குத் தெரியாதா என்பார்.

ஆரம்பித்தது நல்ல எண்ணத்தில்தான். வைகாசி மாதம் ஒரு வியாழக்கிழமை, அந்த அம்மாள் வத்தக்குழம்புக்குப் புளி கரைத்து முடித்த நேரம் பார்த்து ராஜகிரி மலை மேல் மேகம் இறங்கியது. ரேடியோவில் ஒரே கரகரப்பு. மளிகைக்கடைக்காரர் சம்சாரம் அம்மாக்கண்ணு கீழேயிருந்து, “ராஜாராமு, புளியக் கரைச்சுக்கினு நாங்க இன்னா பண்றது?” என்று சத்தம் போட்டாள். எனக்கும் மனசு கேட்கவில்லை. தண்ணீர்ச் சொம்பை வாய்க்கு நேராகப் பிடித்து, குரலைக் கொஞ்சம் மெலிசாக்கி, மீதிக் குழம்பை மைக்கில் நானே வைத்து இறக்கினேன். சொம்புக்குள் பேசினால் குரல் நூறு மைல் தாண்டி வருகிற மாதிரி இருக்கும்.

மறுநாள் அம்மாக்கண்ணு, “இன்னா இருந்தாலும் மெட்ராஸ்காரங்க மெட்ராஸ்காரங்கதான்” என்றாள். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் மேகம் இல்லாமலும் கரகரப்பு வர ஆரம்பித்தது. ஸ்டேஷன் முள்ளை ஒரு நூல் நகர்த்தினால் போதும்.

ஜெயராமன் மேல் விரோதம் உண்டா என்று கேட்டீர்கள். கிடையாது. ஒரு தடவை அவர் ஓட்டலில் இன்னொரு கரண்டி சட்னி கேட்டேன். “இன்னாப்பா, சட்னிக்கு இட்லி தொட்டுக்கினு சாப்பிடறியா?” என்றார். இருந்தவர்கள் சிரித்தார்கள். அவ்வளவுதான். அதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். பங்குனி ஒன்பது, செவ்வாய்க்கிழமை, காலை ஏழே முக்கால், மூன்றாவது இட்லி. சிரித்தவர்கள் பதினோரு பேர்.

பொதுவாக உபசாரத்தைப் பற்றி எனக்குச் சில கருத்துகள் உண்டு. அதைத்தான் சொம்பு வழியாகச் சொன்னேன். விருந்தினர் இரண்டு கையாலும் இலையை மூடும்வரை சட்னி ஊற்றுபவரே ஓட்டல்காரர் என்றேன். மறுநாளே ஜெயராமன் சட்னி வாளியோடு நின்றார். இலையை மூட யாருக்கும் கை வரவில்லை. அடுத்த வாரம், என்ன வேண்டும் என்று விருந்தினரைக் கேட்பது அவரை அவமதிப்பது, இருப்பதையெல்லாம் கொண்டுவந்து வையுங்கள் என்றேன். அதற்கடுத்த வாரம், சாப்பிட்டவரின் மூட்டையைச் சுமந்து போய் பஸ் ஏற்றிவிட வேண்டும் என்றேன். ஜெயராமனுக்கு ஐம்பத்திரண்டு வயது. திருவண்ணாமலை பஸ்ஸுக்கு ஒரு மிளகாய் வியாபாரியின் மூன்று மூட்டைகளை அவர் சுமந்து போனதை ரேடியோ அறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. பாவமாகத்தான் இருந்தது. உபசாரம் என்று வந்துவிட்டால் இடுப்பைப் பார்க்க முடியுமா?

ஆடி கடைசியில் ஒரு யோசனை சொன்னேன். கல்லாவில் உட்கார்ந்துகொண்டு விருந்தினரை முறைப்பது பண்பாகாது, பெட்டியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுங்கள், மற்றதை மனசாட்சி பார்த்துக்கொள்ளும் என்று. முதல் நாள் பெட்டியில் சில்லறை இருந்தது. இரண்டாம் நாள் ஒரு சட்டைப் பொத்தான் இருந்தது. மூன்றாம் நாள் பெட்டி இல்லை.

ஓட்டல் மூழ்கிக்கொண்டிருந்தது. ஜெயராமன் மனைவி ராஜாம்பாள் என்னிடம் வந்தார். “ஸ்டேஷனுக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. நீங்க சொன்னதெல்லாம் செஞ்சோம், ஏன் இப்படி ஆச்சு, இனிமே இன்னா செய்யணும்னு கேளுங்க. தாலியத் தவிர ஒண்ணும் மிச்சமில்ல” என்றார். கண் கலங்கியிருந்தது. நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். தபாலில் சேர்ப்பதாகச் சொல்லி நானே வாங்கி வைத்துக்கொண்டேன்.

அடுத்த வியாழக்கிழமை பதில் சொன்னேன். செஞ்சி நேயர் கடிதம் கிடைத்தது, உங்கள் குறைக்கு ஒரே காரணம்தான், முன்பு ஒரு விருந்தினரின் மனதை நோகடித்திருக்கிறீர்கள், அவர் வீடு தேடிப் போய் இலை போட்டுப் பரிமாறினால் எல்லாம் சரியாகும் என்றேன். இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு எப்படி வழிகாட்டுவது?

ஜெயராமன் ஓட்டலை மூடிவிட்டு, தான் நோகடித்தவர்களை நினைவுபடுத்திக் கணக்கெடுத்தார். நாற்பத்தேழு பேர் தேறினார்கள். அடுக்குப் பாத்திரத்தோடு வீடு வீடாகப் போனார். அவலூர்பேட்டை வரைக்கும் பஸ் பிடித்துப் போய் ஒரு வெற்றிலைக்காரருக்குப் பரிமாறிவிட்டு வந்தார். நானும் பதினோரு நாள், வீட்டில் சமைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இலை நறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வீட்டைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போனார், ஐயா. வரவில்லை.

அதனால்தான் போன வியாழக்கிழமை கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. பங்குனி ஒன்பது, செவ்வாய்க்கிழமை, ஏழே முக்கால் என்றேன். மூன்றாவது இட்லி என்றேன். அவர் சொன்ன வார்த்தையையும் அப்படியே சொன்னேன். கொஞ்சம் சத்தமாகிவிட்டது போலிருக்கிறது. சொம்பைக் கீழே வைத்துவிட்டேன் என்பதையும் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் வாசற்படியில் ராஜாம்பாள் நிற்கிறார். பின்னால் ஊரே படியேறிக்கொண்டிருக்கிறது.

ராஜாம்பாள் ஒன்றும் திட்டவில்லை. “ஒரு கரண்டி சட்னிக்காய்யா?” என்றார். அம்மாக்கண்ணுதான், “அப்போ வத்தக்குழம்பும் இவனுதா?” என்று வாயில் கை வைத்துக்கொண்டாள். ஜெயராமன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பக்கத்திலிருந்தவரிடம் திரும்பி, “யாரு இது? நம்ம ஓட்டலுக்கு வந்திருக்காரா?” என்று கேட்டார்.

நாலு வருஷம், ஐயா. நாள் தவறாமல் காலை டிபன் அங்கேதான்.

எழுதிக்கொள்ளுங்கள். எல்லாம் நான் செய்ததுதான். அவர் பிழைப்பைக் கெடுத்தது நான், ராஜாம்பாளின் கடிதத்தைத் தபால் பெட்டியில் போடாமல் வைத்துக்கொண்டதும் நான். கோபத்தில் எதையும் செய்யவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவரும் என்மேல் புகார் கொடுக்கவில்லையாம். பெரிய மனது. ஊரார் சேர்ந்து கைகொடுத்து, வருகிற வெள்ளிக்கிழமை மறுபடியும் ஓட்டலைத் திறக்கப் போகிறாராம். ரொம்ப சந்தோஷம், நன்றாக நடக்கட்டும்.

ரேடியோ அறைச் சாவியை உங்கள் முன்னால் வைத்துவிட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள்தான். வியாழக்கிழமை சாயந்திரம் மட்டும் அதை என்னிடம் கொடுங்கள், அரை மணி நேரம் போதும்.