கிழக்குச் சரிவைப் பச்சை என்று குறித்தவர்கள் எழுதும் மடல்

மண்ணின் மௌனத்தை மொழிபெயர்த்த மாண்பே! வானிலிருந்து வரும் படத்தை வாசித்த கையோடு வயலில் இறங்கி, அந்தப் படத்தின் வாயையே அடைத்த வல்லமையே! முப்பத்தோராண்டு இந்த மண்ணரிப்புக் கண்காணிப்புப் பிரிவைத் தாங்கி, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் அன்பு அக்கா அவர்களே! வணங்குகிறோம்.

செயற்கைக்கோள் படத்தில் எந்த நிலம் கரைகிறது, எந்த வரப்பு தாங்குகிறது என்று கண்டு சொல்வது நம் பிரிவின் வேலை. அதை நாற்காலியை விட்டு எழாமலே முடித்துவிடலாம் என்று நம்பி வந்தவர்கள் நாங்கள். உங்கள் மேசைக்கடியிலோ எப்போதும் சேறு காய்ந்த ரப்பர் செருப்பு ஒரு ஜோடி கிடக்கும். "படம் பாத்தாச்சுல்ல? செருப்ப மாட்டு, கிளம்பு!" என்பீர்கள். அதனால் உங்கள் முதுகுக்குப் பின்னால் 'செருப்பு மேடம்' என்று பெயர் வைத்தோம். தெரிந்தும் தெரியாதவர்போல் இருந்த பெருந்தகையே! சரிவுகளில் இரும்புக் கம்பிகளை அறைந்து, தரைமட்டத்தில் சிவப்புக் கோடிட்டு, ஒவ்வொரு மழைக்குப் பின்னும் மண் கரைந்து அந்தக் கோடு தரைக்கு மேல் எத்தனை விரற்கடை ஏறி நிற்கிறது என்று குனிந்து குனிந்து அளந்த குணக்குன்றே!

இத்தோடு கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட எங்களுக்கும் ஆசைதான். மனசாட்சி விடவில்லை.

மூன்றாண்டுக்கு முன், உங்கள் கணவர் மருத்துவமனையில் கிடந்த வாரம் அது. விதைப்புக்கு முன், நிலம் வெறுமையாய்க் கிடக்கும்போது எடுத்த படத்தைத்தான் பார்க்கவேண்டும் என்பது உங்கள் கட்டளை. அந்த முறை மேகம் மறைத்துவிட்டது. மூன்று வாரம் பிந்திய படத்தைப் போட்டுப் பார்த்தோம். கிழக்குச் சரிவு முழுக்கப் பச்சை! வரப்புகள் நலம், நிலம் பத்திரம் என்று குறித்தோம். உடைந்த வரப்புகளை மூடி வளர்ந்த களைதான் அந்தப் பச்சை. நேரில் போயிருந்தால் ஐந்தே நிமிடத்தில் தெரிந்திருக்கும். போகாமலே 'நேரில் சரிபார்க்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் அடித்தோம். எங்களை நம்பி, மருத்துவமனை நடைவழியில் நின்றபடியே கையெழுத்திட்டீர்கள். வரப்புச் சீரமைப்புப் பட்டியலிலிருந்து சரிவின் பெயர் நீங்கியது. அடுத்த பெருமழையில் அதன் மேல்மண் அத்தனையும் கீழே ஏரிக்குள் போய்ச் சேர்ந்தது.

அந்தச் சரிவில் உழுது பிழைத்த பெண் ஒருத்தி இந்த அறைக்கே வந்தார். "உங்க படத்துல பச்சையா இருந்துச்சாமே? வந்து பாருங்கம்மா, என் நிலத்துல பாறைதான் இருக்கு" என்றார். அவரை உங்கள் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள்.

விசாரணையில் "கையெழுத்து என்னோடது" என்றீர்கள். அதற்குமேல் வாய் திறக்கவில்லை. பாவிகள், நாங்களும் திறக்கவில்லை. உங்கள் பணிப்பதிவேட்டில் 'கவனக்குறைவு' என்று ஏறியது. வரவிருந்த பதவி உயர்வு போயிற்று. மறுநாள் மதியம் எங்களைப் பார்த்து, "சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்டீர்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்போம், அக்கா.

போன வாரம் செருப்பை மாட்டிக்கொண்டு நாங்களே சரிவுக்குப் போய் அளந்தோம். சிவப்புக் கோடு தரைக்கு மேல் ஒரு சாண் ஏறி நிற்கிறது. அந்த மண் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் திரும்பாது. நீங்கள் இழந்த பதவியும் திரும்பாது. பழியையாவது உரிய இடத்தில் இறக்கிவைக்கிறோம்.

முழங்கால் வலி நீங்கி, கணவரும் பிள்ளைகளும் சூழ, நோயின்றி நெடுநாள் நீங்கள் வாழவேண்டும்! இம்மடலை உங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பப் போவதில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு, நாங்கள் டிக் அடித்த மேசைக்கு எதிரே மாட்டுகிறோம். இதன் நகல் ஒன்று இன்று காலையே பதிவுத் தபாலில் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது. முன்னமே சொன்னால் தடுத்திருப்பீர்கள்.

இந்த முறை கையெழுத்து எங்களுடையது.

படம் பார்த்த இருவர்,
டிக் அடித்த வரைபடக்காரர்,
போகாமலிருக்க, ஜீப் பழுது என்று அன்று பொய்யாய் எழுதிக்கொடுத்த ஓட்டுநர்