ஒரு மேசை தூரம்

நர்ஸ்: ...தையலே கிடையாதுங்க ஐயா. சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மரத்துப்போக வெச்சு, சின்னதா ஒரு துளை. அது வழியா புரையைக் கரைச்சு உறிஞ்சிடுவாங்க. லென்ஸை மடிச்சு உள்ளே விட்டா, அதுவே விரிஞ்சுக்கும்.

மனைவி: என்னங்க, இங்க பாருங்க. தையலே இல்லையாம். துளை போட்டுப் புரையை எடுத்துடுவாங்களாம்.

கணவர்: அப்படியா! நல்லதாப் போச்சு.

நர்ஸ்: அதைத்தானேம்மா நானும் சொன்னேன்?

மனைவி: எதையும் என் வாயால சொன்னாத்தான் இவர் மண்டையில ஏறும். நீங்க சொல்லுங்க சிஸ்டர்.

நர்ஸ்: சரி... லென்ஸ். எல்லாத் தூரத்துக்கும் ஒரே லென்ஸ் இருக்கு. ஆனா ஐயாவுக்கு விழித்திரை கொஞ்சம் வீக், அது வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார். அதனால தூரத்துக்கு வெச்சிடலாம். ரோடு, டிவி எல்லாம் பளிச்சுன்னு தெரியும். கிட்டத்துக்கு மட்டும் கண்ணாடி.

மனைவி: தூரத்துக்கு வெக்கறாங்களாம்ங்க. கிட்டத்துக்குக் கண்ணாடி.

கணவர்: தூரத்துல எனக்கு யாரு இருக்கா? ஒரு மேசை தூரத்துக்கு வெக்கச் சொல்லு.

நர்ஸ்: வெக்கலாம்... ஆனா வழக்கமா கம்ப்யூட்டர்ல உட்கார்றவங்கதான் அப்படிக் கேட்பாங்க. ஐயா என்ன வேலை பார்த்தீங்க? ...ஐயா? ...ஐயா!

கணவர்: ஆங்... சரிம்மா, சரி.

மனைவி: என்ன வேலை பார்த்தீங்கன்னு கேட்கறாங்க.

கணவர்: துணி மில்லு. முப்பது வருஷம் தறிதான். அதுக்கும் லென்ஸுக்கும் என்ன? சாப்பிடறப்போ மேசைக்கு அந்தப் பக்கம் இவ உட்கார்ந்திருப்பா. அவ்வளவு தூரம் தெளிவாத் தெரிஞ்சாப் போதும்.

மனைவி: ஐயையோ, வெட்கங்கெட்ட மனுஷன்! சிஸ்டர் முன்னாடி என்ன பேச்சு இது?

நர்ஸ்: பேசட்டும்மா! எங்க வீட்டுக்காரர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஃபோனைத்தான் பார்க்கறார்... இருங்க, இந்த மாஸ்க்கைக் கழட்டிக்கறேன். ஐயா, டிவியும் ரோடும் மங்கலா இருந்தாப் பரவாயில்லையா?

கணவர்: இருந்துட்டுப் போகட்டும்மா. அதுக்குக் கண்ணாடி போட்டுக்கறேன்.

நர்ஸ்: அட... இப்ப டக்குனு பதில் வருதே! அப்போ அம்மாவைப் பார்க்கவும் கண்ணாடி போட்டுக்கலாமே?

கணவர்: கண்ணாடியைத் தேடி எடுக்கறதுக்குள்ள இவ நாலு விஷயம் சொல்லி முடிச்சிடுவாளே.

நர்ஸ்: சொன்னா என்ன? காதுல விழும்ல?

மனைவி: ஏங்க, சொல்லுங்க.

கணவர்: ...விழாதும்மா. தறி சத்தத்துல ரெண்டு காதும் எப்பவோ போச்சு. மில்லுல நாங்க எல்லாரும் வாயசைவைப் பார்த்துத்தான் பேசிப்போம். வீட்லயும் அப்படியே ஓட்டிட்டேன். காது கேட்காதுன்னு தெரிஞ்சா இவ பேசறதைக் குறைச்சுடுவாளோன்னு பயம். புரை வந்ததுல இருந்து இவ பேச்சே கலங்கலா இருக்கு. அதான் படுத்துது.

நர்ஸ்: ஐயோ ஐயா... அழ வெச்சிடுவீங்க போலிருக்கே!

கணவர்: என்னடி... கோபமா?

மனைவி: கோபமா? எனக்கா? போங்க... இங்க பாருங்க, என் வாயைப் பாருங்க. மேசை தூரமே வெச்சுக்குவோம். இன்னும் நிறையப் பேச வேண்டியிருக்கு.

கணவர்: அப்பாடா! இப்பத்தான் மூச்சு வருது.

நர்ஸ்: மேசை தூரம்னே டாக்டர்கிட்ட சொல்லிடறேன். அம்மா, மாடியில காது டாக்டரும் இருக்கார். மெஷின் வெச்சா நல்லாவே கேட்கும். இன்னிக்கே காட்டிடலாமா?

மனைவி: ஐயோ, வேண்டாம்!

நர்ஸ்: ஏம்மா?

மனைவி: இந்தப் பக்கம் வாங்க சிஸ்டர், என் வாய் அவருக்குத் தெரியக் கூடாது... காது விஷயம் எனக்கு ஆரம்பத்துலயே தெரியும்! இவர் மேல கோபம் வந்தா, முதுகுப் பக்கமா நின்னு ஆசை தீரத் திட்டிட்டு, முன்னாடி வந்து சிரிச்சுக்கிட்டே சாப்பாடு போடுவேன். எங்களுக்குள்ள இதுவரைக்கும் ஒரு சண்டை வந்ததில்லை. காதையும் சரி பண்ணிட்டா, நான் எங்க போய்த் திட்டுவேன், சொல்லுங்க!