முதல் பத்து நிமிடத் தண்ணீர்

ஸ்டேஷனில் கேன் தண்ணீர்தானா சார்? நல்லது. ஒரு வாய் குடித்துவிட்டுச் சொல்கிறேன்.

பெயர் கண்ணுச்சாமி. எங்கள் ஊராட்சியில் இருபத்தோரு வருஷம் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். எந்தத் தெருவுக்கு எந்த வால்வு என்று காகிதத்தில் கிடையாது, என் தலைக்குள்தான். பெண்களை வேலைக்கு ஏற்றிப்போகும் பட்டாசுக் கம்பெனி வேன் வருவதற்குள் குடம் நிறைய வேண்டும். பெண்கள் என் சைக்கிளை எதிர்பார்த்து நிற்பார்கள். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் எனக்கு இலை உண்டு.

மூட்டுவலி என்று சொல்லி என் வேலையை வேலுத்தாய்க்குக் கொடுத்தார்கள். மகளிர் குழுப் பெண். ஒரு மாதம் கூட இருந்து நான் பழக்கிவிட வேண்டும். அவள் வந்ததுமே போனில் குரூப் ஆரம்பித்து, 'தெற்குத் தெரு 6.10' என்று போட்டாள். சொன்ன நிமிஷத்தில் தண்ணீர் வந்தது.

"இதுவரைக்கும் அந்த மனுசன் சைக்கிள் மணி அடிச்சாத்தாம்டி நமக்கு விடியும்" என்று குழாயடியில் சுப்புத்தாய் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பின்னால்தான் நின்றேன். எனக்குக் கோபமெல்லாம் இல்லை.

தெற்குத் தெருக் குழாய் சாக்கடைக்கு அடியில் போகிறது. ஓரிடத்தில் இணைப்பு விட்டுப்போய், தண்ணீர் நின்றதும் சாக்கடையை உள்ளே இழுக்கும். அதனால் தினமும் முதல் பத்து நிமிடத் தண்ணீரை ஓடைக்குத் திறந்துவிட்டு, அப்புறம்தான் தெருவுக்கு விடுவேன். வீணாக்குகிறான் என்று ஏசுவார்கள். காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை.

சாவியைக் கொடுத்த அன்று வேலுத்தாய் கேட்டாள். "அண்ணாச்சி, அந்த ஓடை வால்வு?"

"அது என் பழக்கம் தாயி. நீ வீணாக்காத."

சொட்டு வீணாக்காத பிள்ளை என்று ஊரே மெச்சியது.

இரண்டாவது வாரம் தெற்குத் தெருவில் வாந்தி பேதி. வேலுத்தாய் ஓடிவந்தாள். "தொட்டியில பிளீச்சிங் பவுடர் சரியாத்தான் போடுதேன் அண்ணாச்சி. பிள்ளைக சுருண்டு கெடக்கு. நான் எதையும் விட்டுட்டேனா, சொல்லுங்க." இருபத்தோரு வருஷத்தில் அவ்வளவு மரியாதையாக என்னிடம் யாரும் கேட்டதில்லை. நாளைக்கும் கேட்கட்டும் என்று தோன்றியது.

"பவுடரை இன்னும் கொஞ்சம் கூட்டிப் போடு" என்றேன்.

மறுநாள் நான்கு பேர் செத்துப்போனார்கள். அதில் சுப்புத்தாயின் பேத்தி ஓவியாவுக்கு மூன்று வயது.

நான் எதையும் கலக்கவில்லை சார். இப்படி ஆகுமென்று சத்தியமாக நினைக்கவில்லை.

என் வீட்டிலா? அதுவும் தெற்குத் தெருதான். யாருக்கும் ஒன்றுமில்லை. சாவியைக் கொடுத்த அன்றைக்கே கேன் தண்ணீருக்குச் சொல்லிவிட்டேன்.