தோள்கள் குலுங்கிய காட்சி

தலைமை ஏற்றிருக்கும் டாக்டர் பிராண்ட்வைன் அவர்களே, வியன்னாவின் பெருமக்களே, மாடத்தில் கைக்குட்டையை இப்போதே எடுத்து வைத்துக்கொண்ட தாய்மார்களே, இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் தோழர்களே! பாராட்டு வாங்கத் தகுதியில்லாத ஒரு நடிகனின் வணக்கம்.

ஐம்பது நாளாக இந்தப் பேசாப் படம் ஓடுகிறது. யூத ஜெபக்கூடப் பாடகரின் மகள் நாடகமேடை ஏறுகிறாள். தகப்பன் அவளைச் செத்தவளாக எண்ணித் துக்கம் காக்கிறான். வெள்ளைத் தாடி ஒட்டிய அந்தத் தகப்பன் நான். துக்கக் காட்சியில் எங்கள் தோள்கள் குலுங்குவதைப் பார்த்து, "யூதக் கண்ணீரின் பேருருவம்" என்று எழுதின பத்திரிகைகள். கண்ணீரா அது?

சொல்கிறேன், கேளுங்கள்.

பத்து ஆண்கள் கூடினால்தான் நம் துக்க ஜெபம் செல்லும்; அதனால் காட்சிக்கும் பத்து ஆண்கள் வேண்டும். நாங்கள் ஒன்பது நடிகர்கள். பத்தாவதாக, கிழக்கே ப்ரோடி என்ற ஊரிலிருந்து போருக்குத் தப்பி வந்து தெருவில் பொத்தான் விற்கும் பெரிஷ் என்பவரைக் கூட்டி வந்தார்கள். அசல் தாடி, அசல் அங்கி! இப்படிப்பட்டவர் ஜெபக்கூடத்தில் நம் பக்கத்தில் நின்றால் முகம் சுளிக்கிறோம். திரையில் நின்றால் சீட்டு வாங்கிப் பார்க்கிறோம்!

"உதட்டை அசையுங்க, எதையாவது பேசுங்க!" என்று கத்தினார் இயக்குநர். பெரிஷ் கதிஷ் சொல்லத் தொடங்கினார். இறந்தவர்க்காகச் சொல்லும் அதே கதிஷ். எங்கள் கோமாளி நடிகன் ஷூலிம் மெல்ல ஆரம்பித்தான்: "வாத்து வறுவல், வெங்காயம் தூக்கலா..." பெரிஷ் நிறுத்தி எங்களைப் பார்த்தார். சுற்றி நிற்பவர்கள் ஆமென் சொல்ல வேண்டிய இடம். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பெரியவரே, உங்க தாடியும் பசைதானா?"

அப்போது குலுங்கிய தோள்கள்தான் நீங்கள் பார்த்து அழுதவை. சிரிப்பு! வெறும் சிரிப்பு!

பின்வரிசையில் ஒருவர் "உட்காருய்யா" என்கிறார். உட்காருகிறேன் ஐயா, கேவலம் இன்னும் பாதி இருக்கிறது.

படப்பிடிப்பு விளக்குகளை அணைத்ததும் பெரிஷ் என்னிடம் வந்தார்.

"தம்பி, என் பையன் காய்ச்சல்ல போயிட்டான். இன்னிக்கு முப்பதாவது நாள், அவனுக்குக் கதிஷ் சொல்ற கடைசி நாள். இங்கிருந்து நடந்து நகரத்துக்குள்ள போறதுக்குள்ள பொழுது சாஞ்சு நாள் முடிஞ்சிரும். பத்துப் பேர் இருக்கோமேன்னுதான் சொன்னேன். யாரும் ஆமென் சொல்லலை. இன்னொரு தடவை சொல்லிக்கட்டுமா? ரெண்டே நிமிஷம்."

இரண்டே நிமிடம்! மற்ற எட்டு நடிகர்களையும் என்னால் நிறுத்தியிருக்க முடியாதா? முடியும். என் ஒரு குரலுக்கு நின்றிருப்பார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"டிராம் போயிரும் பெரியவரே" என்றேன்.

தெரியாமல் சிரித்தது பிழை. தெரிந்த பிறகு டிராம் ஏறியதற்கு என்ன பெயர்? சொல்லுங்கள், என்ன பெயர்?

நேற்று அவரைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். விழாவுக்கு அழைத்தேன். பொத்தான்களைக் கோத்துக்கொண்டே கேட்டார்: "படத்துல நீங்கல்லாம் எப்படித் தெரியறீங்க?"

"அழுவுற மாதிரி."

"அப்ப நல்லாத்தான் இருக்கும். நீங்க பாருங்க. எனக்கு வேலை கிடக்கு."

பெரியோர்களே! சற்று நேரத்தில் அந்தக் காட்சி வரும். பியானோ வாசிப்பவரே, அப்போது தயவுசெய்து கையை எடுத்துவிடுங்கள். தாய்மார்களே, எங்களுக்காக அழாதீர்கள். இடது ஓரத்தில் நிற்கும் அந்த ஒருவரை மட்டும் பாருங்கள். அவர் உதடு நிற்கும். எங்களைத் திரும்பிப் பார்ப்பார். அந்த நொடியில் இந்த அரங்கமே ஆமென் சொல்லட்டும். முப்பது நாள் முடிந்துவிட்டதே, இனி அது செல்லுமா? செல்லாது. என் குற்றம் குறையுமா? குறையாது. ஆனாலும் சொல்லுங்கள். படம்தான் ஊமை; நாம் அல்லவே!

பொறுத்துக் கேட்டவர்களுக்கும், பொறுக்காமல் சத்தமிட்டவர்களுக்கும் நன்றி. எல்லோர்க்கும் அமைதி உண்டாகட்டும். விளக்கை அணையுங்கள்.