ரஞ்சிதத்தின் எடை

ஃபயர் அலாரம் அடித்தபோது நான் ரஞ்சிதத்துக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டால் மறுபடி முதலிலிருந்து வார வேண்டும். அதனால் பயத்தைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது.

ரஞ்சிதம் ஒரு பொம்மை. இதை அந்தப் போலீஸ் ஆபீசருக்கு முதலிலேயே அரபியில் சொல்லிவிடுங்கள் தம்பி. இல்லாவிட்டால் பெண் விவகாரம் என்று எழுதிக்கொள்வார்.

என் பெயர் செல்வசிங். ஊர் குளச்சல் பக்கம். ஷார்ஜா தொழில்பேட்டையில் அலுமினிய ஜன்னல் செய்யும் பட்டறையில் ஃபோர்மேன். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் கோடவுனில் எங்களுக்குப் பொம்மலாட்ட ஒத்திகை. குழுவில் ஆள் அதிகமில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் பார்த்தால் அல் ஐனிலிருந்து குவைத் அப்பாசியா வரைக்கும் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் இருக்கிறோம். பொம்மையின் முழங்காலுக்குத் தோல் வைப்பதா, கீல் வைப்பதா என்று டியூட்டி நேரத்தில் சண்டை போடுகிற கூட்டம்.

பொம்மை செய்வதும் பாடுவதும் டோலக் அடிப்பதும் நான். ஆட்டுவது விமல். கும்பகோணத்துக்காரன், ஒரு கார்கோ கம்பெனியில் வேலை, என்னைவிட நிறைய இளையவன். என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவான். அவன் கல்யாணத்தில் மணமேடையில் அவனுக்குப் பக்கத்தில் நின்றது நான். அவன் மனைவி அகிலா இங்கே வந்து இறங்கிய அன்று ஏர்போர்ட்டுக்குக் கார் ஓட்டிக்கொண்டு போனதும் நான்தான்.

எங்கள் பாணியில் பொம்மையின் எடை கையில் இருப்பதில்லை. ஆட்டுகிறவன் தலையில் சும்மாடு வைத்து, துணி சுற்றிய இரும்பு வளையத்தைக் கிரீடம்போல் மாட்டிக்கொள்வான். பொம்மையைத் தாங்கும் கயிறுகள் அந்த வளையத்தில் கட்டியிருக்கும். கையில் பிடிக்கும் கம்பிகள் பொம்மையின் கைகளை அசைக்க மட்டும். இடுப்பளவுத் திரைக்குப் பின்னால் நின்று, முன்பக்கம் குனிந்து, அவன் தலையைத் திருப்பினால் பொம்மை திரும்பும். முழுப் பாரமும் கழுத்தில். இது முக்கியம். எழுதிக்கொள்ளுங்கள்.

ரஞ்சிதம் கரகாட்டக்காரி. பட்டறைக்கு மெஷின் வந்த பெட்டியின் மரத்தில் செதுக்கினேன். விமல் தலையில் ஏறிய பிறகுதான் அவளுக்கு இடுப்பு என்று ஒன்று வந்தது. பொறாமை இல்லாமல்தான் சொல்கிறேன்.

அலாரத்துக்கு வருவோம். பக்கத்து ரூமில் யாரோ மத்தி பொரித்த புகை. அது பிறகுதான் தெரிந்தது. எல்லோரும் வெளியே ஓடினோம். நான் ரஞ்சிதத்தைத் தோளில் போட்டுக்கொண்டேன். விமல் தன் கறுப்புப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். லாரிகளுக்கு நடுவே வெயிலில் நின்று மூச்சு வாங்கும்போது பார்த்தேன். பையின் ஜிப் திறந்து ஒரு கால் வெளியே தொங்கியது.

அது நான் செதுக்கிய கால் இல்லை.

“இது யாருடே பைக்குள்ள?” என்று கேட்டேன்.

“சாகிர் பாய் குடுத்ததுண்ணே. அல் ஐன்ல ஸ்பாஞ்சுல பொம்மை செய்யுறாரே, அவரு. சும்மா பாக்கலாம்னு வாங்கிட்டு வந்தேன்.”

“பாத்தாச்சா?”

“வெயிட்டே இல்லண்ணே. தலையில கொசு உக்காந்த மாதிரி இருக்கு.”

“மாஸ்டர், உங்க தம்பி சின்ன வீடு செட்டப் பண்ணிட்டான். ரஞ்சிதத்துக்கு யாரு சொல்றது?” என்றார் ஸ்ரீனிவாசன், எங்கள் ஆர்மோனியக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தீப்பிடித்துவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் ஒருவன் எதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான் என்பதை வைத்துத்தான் அவனை எடைபோட முடியும். விமல் ரஞ்சிதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் என் கையில் இருந்தாள் என்பது வேறு விஷயம்.

அடுத்த வாரம் ரஞ்சிதத்தின் பாதங்களைக் குடைந்து உள்ளே ஈயக்குண்டு வைத்து மூடினேன். வலைக்குக் கட்டுகிற குண்டு. கடற்கரைக்காரன் ரூமில் அது எப்போதும் கிடக்கும். இதில் தவறு ஒன்றும் இல்லை. லேசான பொம்மையின் கால் தரையில் பாவாது, மிதக்கும். பாதத்தில் கொஞ்சம் கனம் இருந்தால்தான் நடை நடையாக இருக்கும். அன்றைய ஒத்திகை வீடியோவைப் பார்த்துவிட்டு அப்பாசியாவிலிருந்து பாலகுரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். “ரஞ்சிதம் இப்பத்தான்யா தரையில நடக்குறா. அந்த ரகசியத்தை எங்களுக்கும் கொஞ்சம் சொல்லக் கூடாதா மாஸ்டர்?”

கும்பிடுகிற கை ஒன்றைப் பதிலுக்குப் போட்டேன்.

அதன் பிறகு தொடைகளில் வைத்தேன். பிறகு பாவாடைக்குள், இடுப்பைச் சுற்றி. பாதத்தில் வைத்ததற்குக் கலை சம்பந்தமான காரணம் உண்டு. இடுப்பில் வைத்ததற்கு இல்லை. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

ஒரேயடியாக வைத்தால் தெரிந்துவிடும். ஒவ்வொரு ஒத்திகைக்கும் கொஞ்சம்தான். வளையத்தை அவன் தலையில் நானே வைத்து, நானே கேட்பேன்.

“கனமா இருக்காடே?”

ஒரு நொடி அப்படியே நிற்பான். என் முகத்தைப் பார்ப்பான்.

“இல்லண்ணே. சரியா இருக்கு.”

ஒரு வாரம்கூட நான் கேட்காமல் இருந்ததில்லை. அதையும் ஆபீசரிடம் சொல்லுங்கள்.

ஒரு பொம்மைக்காக இவ்வளவா என்று நினைக்கிறீர்கள். உங்கள் முகத்தில் தெரிகிறது. தப்பு என்னுடையதுதான், ஒன்றை வரிசை மாற்றிச் சொல்லிவிட்டேன். அலாரம் அடிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் நடந்தது அது.

என் மனைவி லீமா ஒரு கிளினிக்கில் நர்ஸ். அன்று வந்ததும் வராததுமாக, பர்சைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள்.

“ஆஸ்பத்திரிக் காரியம் வெளியே சொல்லப்பிடாது. உங்க கூட்டாளியாச்சேண்ணு சொல்லுதேன். விமலுக்குக் கழுத்து எலும்புல தட்டு பிதுங்கி நரம்பை அமுக்குது. தலையில ஒரு பாரமும் ஏத்தப்பிடாது, ஏத்தினா கை காலே போயிரும்ணு டாக்டர் சொல்லிட்டாரு. அவரு உங்ககிட்ட வந்து சொல்லும்போது புதுசா கேக்குத மாதிரி கேட்டுக்கிடுங்க. நீங்களும் அந்தப் பொம்மையக் கொஞ்சம் கனம் குறைச்சுச் செய்யுங்க, என்ன?”

சரி என்றேன்.

ஆக, அவன் கழுத்து எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துதான் ஈயத்தை வைத்தேன். இந்த வாக்கியத்தை அரபியில் சரியாகச் சொல்லுங்கள். அவசரமில்லை.

அவன் வந்து சொல்வான் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஒரே தட்டில் சாப்பிட்டவன். தலைவலி வந்தால்கூட எனக்கு முதலில் போன் செய்கிறவன். இந்த வலியை என்னிடம் சொல்லாமல், அல் ஐனில் ஸ்பாஞ்சு வெட்டிக்கொண்டிருக்கும் ஓர் ஆளிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். பையிலிருந்து தொங்கிய அந்தக் காலைப் பார்த்தபோது எனக்குப் புரிந்தது அதுதான். பொம்மையை மாற்றினால் போகட்டும் என்று விட்டிருப்பேன். அண்ணனை மாற்றிவிட்டான்.

நான் நினைத்தது மிகவும் எளிமையானது. பாரம் ஏறிக்கொண்டே போனால் ஒரு நாள் தாங்க முடியாமல் வாயைத் திறப்பான். “அண்ணே, கழுத்து வலிக்குது” என்று ஒரே ஒரு வார்த்தை. சொன்ன அன்றே எல்லாக் குண்டுகளையும் எடுத்திருப்பேன். அவனைக் கெடுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பேசவைக்கத்தான் நினைத்தேன்.

அவன் பேசவில்லை. டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடிக்கத் தொடங்கினான். பிறகு ஒரு நாள் அப்படியும் நழுவி விழுந்தது. “கை வேர்க்குதுண்ணே” என்றான். நான் துணி எடுத்துத் துடைத்தேன். கயிற்றில் முடிச்சுப் போட வெகுநேரம் பிடித்தது. முடிச்சையும் நானே போட்டுக்கொடுத்தேன்.

அல் ஐனில் பொம்மலாட்ட ரசிகர்கள் கூடும் நாள் வந்தது. வளைகுடா முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். ஒவ்வொருவர் பெட்டியிலும் ஒரு குடும்பம். பொம்மைகளை நாற்காலிகளில் உட்காரவைத்துவிட்டு மனிதர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். சாகிர் பிரியாணிப் பொட்டலத்தோடு எங்கள் அறைக்கு வந்தார்.

“விமல் பாய், இன்னிக்காவது நம்ம பொண்ணை மேடையேத்துங்க. பூ மாதிரி இருப்பா.”

“ரஞ்சிதம் கோவிச்சுக்குவா பாய். அப்புறம் அண்ணன் எனக்குச் சோறு போட மாட்டாரு” என்றான் விமல். என்னைப் பார்த்தான். நான் கரகக் குடத்தை ரஞ்சிதத்தின் தலையில் பொருத்திக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்தக் குடத்துக்குள்ளும் வைத்திருந்தேன். மற்ற நாட்களைவிட அதிகம்.

விமலால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. நான் போட்டுவிட்டேன். வாசலில் நின்ற அகிலா, “அண்ணன் கூட இருக்கறதாலதான் இவரை ஆட விட்டுட்டு நான் நிம்மதியா உக்காந்திருக்கேன்” என்றாள். நல்ல பெண். இதில் அவளுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.

எங்கள் ஆட்டத்தில் சலங்கை பொம்மையின் காலில் இருக்காது, ஆட்டுகிறவன் காலில்தான் இருக்கும். பொம்மையின் காலடிச் சத்தத்தை அவன்தான் கொடுக்க வேண்டும். அதிலேயே எங்களுக்குள் ஒரு ஜாடை உண்டு. அவன் வலது காலை இரண்டு முறை ஊன்றித் தட்டினால் ‘முடி’ என்று அர்த்தம். டோலக் அடிப்பவன் உடனே தாளத்தைக் கட்டி முடித்துவிட வேண்டும். தாளம் முடியாமல் ஆட்டுகிறவன் நிற்க மாட்டான். நின்றால் பொம்மை செத்துப்போனதாகக் கணக்கு. விமல் ஒருநாளும் நின்றதில்லை.

கரகம் சுழலத் தொடங்கியது. ரஞ்சிதம் அன்றைக்கு ஆடியதுபோல் எந்த மேடையிலும் ஆடியதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் பாவாடை விரிந்து, பாதம் வந்து தரையில் பொத்தென்று பதிந்தது. கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. அப்போது சலங்கை இரண்டு முறை தட்டியது.

எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று சொல்லலாம், கைதட்டல் அப்படி இருந்தது. ஆனால் கேட்டது.

நான் முடிக்கவில்லை. விமல் வளையத்தோடு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தான். மறுபடி இரண்டு தட்டு. நான் அடுத்த காலத்துக்குப் போனேன். வேகத்தைக் கூட்டினேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். வாயைத் திறந்து சொல்லட்டுமே என்று இருந்தேன். அவ்வளவு பேர் முன்னாலும் அவன் சொல்லவில்லை. மூன்றாவது முறை தட்டக் காலைத் தூக்கினான். கீழே வைக்கவில்லை.

ரஞ்சிதம் முதலில் விழுந்தாள். திரையோடு அவனும் அவள்மேல் சரிந்தான். அதுவும் ஆட்டம்தான் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. பேச்சு இருக்கிறது. இனிமேல் இப்படியேதான் என்று டாக்டர் அகிலாவிடம் சொன்னபோது அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் அழுதாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சாகிர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “மாஸ்டர், அந்த ஸ்பாஞ்சு பொம்மையை விமல் ஆட்டுறதுக்கு வாங்கல. ‘இதை அண்ணன்கிட்ட காட்டுறேன், இதே மாதிரி லேசா அவரு கையால ரஞ்சிதத்தைத் திரும்பச் செஞ்சு தரச் சொல்றேன், வேற யாரு செஞ்சதையும் நான் தலையில ஏத்த மாட்டேன்’னு சொல்லித்தான் வாங்கிட்டுப் போனாரு. சொல்லவே இல்லையா உங்ககிட்ட?”

சொல்லவில்லை. அதைத்தானே நானும் ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். அலாரம் அடித்த அன்று பொம்மை கையிலேயே இருந்தது. நானும் எதிரே நின்றேன். சொல்லியிருக்கலாம். அன்று எல்லோரும் சிரித்ததைச் சொன்னேன். அந்தச் சிரிப்பில் கூச்சப்பட்டுவிட்டான் என்று சாகிர் சொல்கிறார். அண்ணனிடம் என்ன கூச்சம்?

இன்று அகிலா மருந்து வாங்கப் போன நேரத்தில் நான் அவன் கட்டிலருகே போனேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. எனக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அவன் சொன்ன பதிலைக் கேட்டுவிட்டுத்தான் நேராக இங்கே வந்தேன். அந்தப் பதிலை நீங்கள் எப்படி மொழிபெயர்ப்பீர்கள் என்று தெரியவில்லை. பார்த்துச் செய்யுங்கள்.

“உள்ளதைச் சொல்லு மக்கா, எங்கிட்ட ஏன் மறைச்சே?” என்றுதான் கேட்டேன்.

அவன் தலையைத் திருப்ப முடியாது. மேலே பார்த்தபடியே சொன்னான்.

“பாதத்துல மொதக் குண்டு வச்சீங்களே, அன்னிக்கே என் தலைக்குத் தெரிஞ்சுபோச்சுண்ணே. இந்த வாரம் நீங்களே சொல்லிடுவீங்க, இந்த வாரம் சொல்லிடுவீங்கன்னுதான் தூக்கிக்கிட்டு நின்னேன்.”