ஏழாவது கட்டம்

தேநீருக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் சார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான். அதைச் சொல்லாமல் குடிப்பதுதான் மரியாதை. எதையும் மறைக்காமல் சொல்லச் சொன்னீர்கள், அதனால் சொன்னேன்.

நான் மென்பொருள் படித்தவன் இல்லை. இதய அறுவை சிகிச்சைப் பிரிவில் வரவேற்பு எழுத்தர். அறுவைக்குக் காத்திருப்பவர்களின் பெயர்களை ஒரு தடித்த நோட்டில் எழுதுவது என் வேலை. அந்த நோட்டில் அடித்தல், திருத்தல், அம்புக்குறி, தேநீர்க் கறை எல்லாம் இருக்கும். வரிசை மட்டும் இருக்காது. கவுண்டரில் கத்துகிறவர் பெயர் மேலே போகும். வாயுள்ளவருக்கு இந்த வாரம், வாயில்லாதவருக்கு அடுத்த வருடம். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஒரு நாள் ஒரு லாரி ஓட்டுநரின் மச்சான் அந்த நோட்டைப் பிடுங்கி என் முகத்தில் அடித்தார்.

"இந்த முண்டத்தை எல்லாம் எவன்யா இங்க உட்கார வச்சான்?"

என் கண்ணாடி உடைந்தது. அன்றே அந்த ஓட்டுநரின் பெயர் முதலிடத்துக்குப் போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் வந்தால் ஆளாளுக்கு எதையாவது உடைப்பார்கள். நான் ஒரு மென்பொருள் செய்தேன்.

பெரிய டாக்டரிடம் அனுமதி கேட்டேன். "உனக்கு அதெல்லாம் தெரியுமாப்பா?" என்றார். "கத்துக்கறேன் சார்." "செய், செய். எனக்கு ஒரு தலைவலி குறைஞ்சா சரி."

மூன்று மாத மதிய இடைவேளைகள் அதில் போயின. திரையில் ஒரு படிவம், அதில் ஆறு கட்டங்கள். பெயர், வயது, போன் நம்பர், நோய், தீவிரம், பதிந்த தேதி. கீழே 'சேமி' என்று ஒரு பச்சைப் பொத்தான். அதை அழுத்தினால் விவரமெல்லாம் தரவுத்தளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். திங்கட்கிழமை தோறும் தலைமை நர்ஸ் பட்டியலைத் திறந்து மேலே இருக்கும் நான்கு பேருக்குப் போன் செய்வார். கணினி சொல்கிறதே, யார் மறுத்துப் பேசுவார்கள்?

ஏழாவது கட்டம் என் திரையில் மட்டும் தெரியும். அதற்கு 'மரியாதை' என்று பெயர் வைத்திருந்தேன். ஒன்றிலிருந்து பத்து வரை மதிப்பெண். பட்டியல் அடுக்கப்பட்டது அதை வைத்துத்தான். தீவிரம் என்ற கட்டத்தை டாக்டர்கள் ரொம்பக் கவனமாக நிரப்பினார்கள். பாவம், நிரப்பட்டும் என்று விட்டுவிட்டேன்.

நன்றி சொன்னால் ஏழு. கவுண்டர் கண்ணாடியைத் தட்டினால் மூன்று. 'யோவ்' என்றால் இரண்டு. கையை ஓங்கினால் ஒன்று. கூட வந்தவர் ஓங்கினாலும் நோயாளி கணக்கில்தான். ஒன்பதுக்கு மேல் யாருக்கும் போட்டதில்லை. நான் படித்த வாத்தியார்கள் அப்படி.

கத்துகிறவர்கள் முதலில் அதிகமாகக் கத்தினார்கள். பிறகு குறைவாகக் கத்தினார்கள். பிறகு வருவதை நிறுத்திவிட்டார்கள். "என்னய்யா மந்திரம் போட்டே? கூடம் நூலகம் மாதிரி இருக்கு" என்று பெரிய டாக்டர் என் முதுகில் தட்டினார். ஒன்று மட்டும் எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது. மூச்சு வாங்குகிறவர்களுக்குப் பொறுமை இருப்பதில்லை. நோய் முற்றியவர்கள்தான் அதிகம் கத்துகிறார்கள். அதனால் பட்டியலின் அடிப்பகுதி தானாகவே காலியாகிக்கொண்டு வந்தது. காத்திருந்தே இறந்தவர்கள் பதினேழு பேர் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். பத்தொன்பது, திருத்திக்கொள்ளுங்கள். மேசையைத் தட்டாதீர்கள் சார், மூன்றுக்கு இறங்கிவிடுவீர்கள்.

அப்புறம் என் அக்கா வந்தாள். இதயத்தில் ஒரு வால்வு பழுது. நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்கிறவள் அவள். தம்பி இருக்கிறானே என்று உள்ளே வராமல், எல்லோரையும் போல வரிசையில் நின்றாள்.

"உனக்குச் சிரமம் இல்லைன்னா என் பேரையும் எழுதிக்கிறியாப்பா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பத்து போட்டேன். நான் போட்ட ஒரே பத்து அதுதான்.

அதன் பிறகு பட்டியலை நான் பார்க்கவில்லை. சொந்தக்காரி என்று எட்டிப் பார்த்தால் அந்த நோட்டுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? பத்துக்கு மேலே யார் இருக்கப் போகிறார்கள்? வாரங்கள் போயின. "இன்னும் போன் வரலையாக்கா?" என்று கேட்பேன். "வரும்ப்பா. என்னைவிட முடியாதவங்க இருப்பாங்கல்ல, அவங்க முதல்ல போகட்டும்" என்பாள். போன் வந்திருக்கும், இவள்தான் யாருக்கோ விட்டுக்கொடுத்திருப்பாள் என்று நினைத்தேன். செய்யக்கூடியவள்தான். "உன் நல்ல மனசைக் கொஞ்சம் மூட்டை கட்டி வை" என்று திட்டினேன். அவள் சிரித்தாள்.

பதினோராவது வாரம், காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். ஓடி வந்து தூக்கிய பக்கத்து வீட்டுக்காரரிடம், "உங்களுக்குத்தான் தொந்தரவு" என்றாளாம். அதற்கப்புறம் பேசவில்லை.

அன்றுதான் பட்டியலைத் திறந்தேன். இரண்டு வாங்கியவர்களுக்குக் கீழே, கையை ஓங்கிய இருவருக்கு மேலே, கடைசியிலிருந்து மூன்றாவதாக இருந்தாள். காரணம் சின்னது. அந்தக் கட்டத்தை உருவாக்கும்போது 'எண்' என்று குறிக்காமல் 'எழுத்து' என்று குறித்திருக்கிறேன். எழுத்து என்றால் கணினி அகராதி மாதிரி முதலில் நிற்பதைத்தான் பார்க்கும். பத்தில் முதலில் நிற்பது ஒன்று. அதனால் பத்தைக் கொண்டுபோய் ஒன்றுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டது. ஒன்பது வரைக்கும் இந்தப் பிழை தெரியவே தெரியாது.

அடக்கம் முடிந்து வந்ததும் முதல் வேலையாக அதை 'எண்' என்று மாற்றினேன். அவள் பெயரை நீக்க மனம் வரவில்லை. திங்கட்கிழமை தலைமை நர்ஸ் பட்டியலின் முதல் பெயருக்குப் போன் செய்தார். என் மேசையில் இருந்த அக்காவின் போன் அடித்தது. "உங்க அக்கா பேரு எப்படிங்க இப்ப மேல வந்துச்சு?" என்று கேட்டார். மரியாதையாகக் கேட்டார். முழுவதையும் விளக்கினேன். அவர் நேராக உங்களிடம் வந்துவிட்டார்.

நீங்கள் கேட்ட ஒப்புதலை எழுதிக்கொள்ளுங்கள். என் அக்காவைக் கொன்றது நான்தான். தூக்கமே வருவதில்லை, சார். அந்தக் கவனக்குறைவுக்கு நீங்கள் என்ன தண்டனை கொடுத்தாலும் வாய் திறக்க மாட்டேன்.

மற்ற பத்தொன்பது பேரா? அவர்கள் விஷயத்தில் மென்பொருளில் எந்தப் பிழையும் இல்லையே, சார்.